உங்கள் கூரையின் அளவுத்தாளை நீங்களே படியுங்கள்

டாலஸ் வட்டாரத்தில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி, ஆலன், இர்விங், மர்ஃபி, வைலி என்று பரந்து கிடக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் கூரைகளுக்கு மதிப்பீடு போடுவது என் பிழைப்பு. ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்ததும் நம்மவர் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியவை. இன்சூரன்ஸ் இவ்வளவுதான் தருகிறதே, ரூஃபர் இவ்வளவு கேட்கிறாரே, யார் சொல்வது சரி என்று கேட்பார்கள். விமானப் படத்திலிருந்து எடுத்த அளவுத்தாள் உங்களிடம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இருக்கும். மின்னஞ்சலில் எங்கோ கிடக்கும். யாரும் திறந்திருக்க மாட்டார்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் டாலர் கைமாறும் காரியத்துக்கு அந்தத் தாள்தான் அடித்தளம். வீட்டுக் கடன் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்திட்டவர்கள் இதைப் படிக்காமல் விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஊரின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். வட டெக்சாஸில் மார்ச் முதல் ஜூன் வரை ஆலங்கட்டிக் காலம். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தில் மேஃபெஸ்ட் என்னும் திருவிழாவுக்குக் கூடியிருந்த மக்கள் மேல் சாஃப்ட்பால் அளவுக் கட்டிகள் விழுந்தன. ஒதுங்க இடமில்லாத திறந்தவெளி அது. 2016 ஏப்ரல் 11 அன்று அதே அளவுக் கட்டிகள் வைலியைப் பதம் பார்த்தன. கூரையைப் பிய்த்துக்கொண்டு அறைக்குள் விழுந்த கட்டிகளைப் பற்றி அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். தெற்கே ஹாண்டோ என்ற ஊரில் 2021 ஏப்ரல் 28 அன்று விழுந்த ஒரு கட்டியின் குறுக்களவு 6.4 அங்குலம்; அப்போது இந்த மாநிலத்தின் சாதனை அதுதான். நம் தெருக்களில் பெய்வது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை அங்குலக் கட்டி. ஆஸ்ஃபால்ட் ஷிங்கிளின் ஆயுளைக் குறைக்க அதுவே போதும்.

மழை நின்ற மறுநாளிலிருந்து இரண்டு தரப்பு உங்கள் கூரையை அளக்கும். ஒன்று இன்சூரன்ஸ் நிறுவனம், மற்றொன்று ரூஃபர். டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி ஒவ்வொரு சரிவாக அளந்த காலம் அநேகமாகப் போய்விட்டது. இன்று இரு தரப்பும் விமானப் படச் சேவை ஒன்றில் உங்கள் முகவரியைக் கொடுத்து அளவுத்தாள் வாங்குகின்றன. சில பத்து டாலர் செலவு, பெரும்பாலும் ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். இந்த முறை நல்லதுதான். செங்குத்தான கூரையில் மனிதர் ஏறி இறங்கும் ஆபத்து குறைகிறது, அளவும் பொதுவாகத் துல்லியமாக இருக்கிறது. நான் கவலைப்படுவது அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாமலே எல்லாம் நடந்து முடிவதைப் பற்றித்தான்.

பலர் இதை சாட்டிலைட் படம் என்கிறார்கள். கூரை அளவுக்குப் பயன்படுவது பெரும்பாலும் சிறு விமானத்திலிருந்து எடுத்த படம். வணிகச் செயற்கைக்கோள்களில் நல்லவற்றின் படத்தில்கூட ஒரு புள்ளி தரையில் சுமார் 30 சென்டிமீட்டரை அடைத்துக்கொள்ளும். தாழப் பறக்கும் விமானத்தின் படத்தில் ஒரு புள்ளி ஏழெட்டு சென்டிமீட்டர், சில சேவைகளில் அதற்கும் குறைவு. விமானம் ஊருக்கு மேலே உழவுச்சால் போட்டது போல் வரிவரியாகப் போய்வந்து, ஒரே இடத்தைப் பல படங்களில் விழும்படி எடுக்கிறது. நேர் கீழே பார்த்து எடுப்பது ஒருவகை. நான்கு திசையிலிருந்தும் சாய்ந்து பார்த்து எடுப்பது இன்னொருவகை. உங்கள் கூரையின் ஒரு மூலை இரண்டு மூன்று படங்களில் வெவ்வேறு கோணத்தில் தெரிவதால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்து மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிடலாம். இப்படி மூலை மூலையாகப் பிடித்து முழுக் கூரையையும் கணினியில் எழுப்புகிறார்கள். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இயங்கிய பிக்டோமெட்ரி நிறுவனம் இந்தச் சாய்வுப் படங்களுக்குப் பேர்போனது. கூரை அளவை மட்டும் குறிவைத்து 2008இல் வாஷிங்டன் மாநிலத்தில் டேவ் கார்ல்சனும் கிறிஸ் பெர்ஷிங்கும் ஈகிள்வியூவைத் தொடங்கினார்கள். 2013இல் இரண்டும் இணைந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நியர்மேப் இன்னொரு பெரிய பெயர்.

வீட்டைப் போய்ப் பார்க்காமலே காப்பீடு எழுதும் ஆசை இந்த நாட்டில் விமானத்தைவிடப் பழையது. 1867இல் டேனியல் சான்போர்ன் என்னும் நில அளவையாளர் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்க நகரங்களின் கட்டடம் ஒவ்வொன்றையும் நேரில் அளந்து, 50 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைபடமாக்கித் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்கு விற்றது அது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். கூரை எதனால் ஆனது என்பதற்கும் குறி உண்டு. எங்கோ ஓர் அலுவலகத்தில் இருப்பவர் அந்தத் தாளை விரித்து வைத்து இந்த வீட்டுக்கு இவ்வளவு பிரீமியம் என்று முடிவு செய்வார். அந்த வரைபடத்துக்கும் நம் விமானப் படத்துக்கும் நான் முக்கியமாகக் கருதும் வேறுபாடு ஒன்று உண்டு. சான்போர்ன் ஆட்கள் தெருவில் நடந்து வந்தார்கள். வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார், பேச முடிந்தது. இன்று உங்கள் வீட்டின் மேல் பறந்த விமானத்தை நீங்கள் அண்ணாந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த அளவுத்தாளின் பின்னால் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் சாட்சி. 2014இல் வெரிஸ்க் என்னும் நிறுவனம் 65 கோடி டாலருக்கு ஈகிள்வியூவை வாங்க முன்வந்தது. பழுது வேலைக்கு விலை போட இன்சூரன்ஸ் உலகம் பரவலாகப் பயன்படுத்தும் எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருள் வெரிஸ்க் குடும்பத்தைச் சேர்ந்தது. காப்பீட்டுக்குக் கூரை அளந்து தரும் சந்தையில் போட்டியாளர்கள் இருவரும் ஒன்றானால் போட்டி செத்துவிடும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த டிசம்பரில் எதிர்த்தது, வெரிஸ்க் பின்வாங்கியது. பிறகு காப்புரிமை வழக்கு வந்தது. 2019 செப்டம்பரில் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி, ஈகிள்வியூவுக்கு வெரிஸ்க் தரப்பு 12.5 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2021இல் நீதிபதி அதை மூன்று மடங்காக்கினார். கூரையை மேலிருந்து அளக்கும் முறைக்காக இவ்வளவு பெரிய நிறுவனங்கள் இப்படி மோதிக்கொண்டன. அந்தத் தாளின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டாமா?

இனி கணக்குக்கு வருகிறேன். நம்மவர் அதிகம் குழம்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கூரைத் தொழிலில் அளவின் அலகு ஸ்கொயர். ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி. வாங்கும்போது 3,500 சதுர அடி வீடு என்றார்கள், அதனால் கூரை 35 ஸ்கொயர் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்த 3,500 நீங்கள் புழங்கும் தரையின் பரப்பு. மாடி வீடானால் இரண்டு தளமும் அதில் சேர்ந்திருக்கும். மேலே கூரை ஒன்றுதான். மறுபக்கம், கார் நிறுத்தும் இடமும் முன்வாசல் மண்டபமும் அந்தக் கணக்கில் வராது, ஆனால் அவற்றின் மேலும் கூரை உண்டு. சுவரைத் தாண்டி நீளும் இறவாணமும் உண்டு. ஆகவே வீட்டின் சதுர அடியை வைத்துக் கூரையை ஊகிக்கவே கூடாது.

அடுத்தது சரிவு, இங்கே பிட்ச் என்பார்கள். கிடையாக 12 அங்குலம் போனால் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பதே பிட்ச். 4/12 என்றால் படுத்த சரிவு, 12/12 என்றால் 45 பாகை நிமிர்ந்த சரிவு. மேலிருந்து நேராகப் பார்த்தால் 2,500 சதுர அடி இருக்கும் ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். சரிவு 4/12 ஆனால் அதன் உண்மைப் பரப்பு சுமார் 2,635 சதுர அடி. 6/12 ஆனால் சுமார் 2,795. 8/12 ஆனால் 3,005. 12/12 ஆனால் 3,535. அடித்தளம் ஒன்றே, சரிவு மட்டும் மாறியதில் ஒன்பது ஸ்கொயர் வித்தியாசம். இதனால்தான் கூகுள் வரைபடத்தில் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு இவ்வளவுதான் என் கூரை என்று சொல்வது உதவாது. இந்தப் பக்கத்து வீடுகள் செங்கல் முகப்பும் செங்குத்தான கூரையுமாகக் கட்டப்பட்டவை. 8/12, 10/12, 12/12 எல்லாம் சாதாரணம்.

பிட்ச் கூலியையும் தொடுகிறது. எக்ஸாக்டிமேட்டில் 7/12 முதல் 9/12 வரை ஒரு கூடுதல் கட்டணம், 10/12 முதல் 12/12 வரை அதைவிடக் கூடுதல், 12/12ஐத் தாண்டினால் இன்னும் கூடுதல். ஆள் வழுக்கி விழாமல் கயிறு கட்டி நிற்க வேண்டிய வேலைக்கு இது நியாயமான கூலி. உங்கள் கூரை உண்மையில் 7/12 ஆக இருந்து, தாளில் 6/12 என்று பதிவாகியிருந்தால் அந்த வரி மதிப்பீட்டில் வராமலே போய்விடும். அதை யாராவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் சேரும்.

இதைச் சரிபார்க்க நீங்கள் கூரையில் ஏற வேண்டியதில்லை. தயவுசெய்து ஏறாதீர்கள். ஆட்டிக்கில் நடைபலகை இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ரசமட்டத்தின் ஒரு முனையைக் கைமரத்தின் அடியில் தொட்டு வைத்து, மறுமுனையை முகட்டுப் பக்கம் நீட்டி, குமிழ் நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். தொட்ட இடத்திலிருந்து 12 அங்குலம் தள்ளி, மட்டத்துக்கும் கைமரத்துக்கும் நேர்க்குத்தாக எத்தனை அங்குலம் என்று பாருங்கள். எட்டு வந்தால் 8/12. பிறகு வெளியே வந்து, தரையில் நின்றபடியே வீட்டின் ஒரு பக்கத்து இறவாண நீளத்தை டேப்பால் அளந்து தாளிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மற்ற எண்களையும் பெரும்பாலும் நம்பலாம்.

தாளைப் படிப்பது கடினமில்லை. முதலில் படம் உங்கள் வீடுதானா என்று பாருங்கள். ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டுப் பகுதி சேர்ந்துவிடுவதும் விடுபடுவதும் உண்டு. அடுத்து படம் எடுத்த தேதி. சலைனா, பிராஸ்பர் பக்கம் புது வீடு வாங்கியவர்களுக்கு, விமானம் கடைசியாகப் பறந்தபோது அந்த இடம் வெறும் மண்ணாகக்கூட இருந்திருக்கும். பின்னால் போட்ட பேட்டியோ கூரை பழைய படத்தில் இருக்காது. மொத்தப் பரப்பு, பெரும்பான்மைச் சரிவு, எத்தனை முகங்கள், அதாவது தனித்தனிச் சரிவுப் பரப்புகள், என்பவை சுருக்கப் பகுதியில் இருக்கும். பெரும்பான்மைச் சரிவு என்ற அந்த ஓர் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே சரிவு எழுதிய படம் இருக்கும், அதுதான் முக்கியம். நீளப் படத்தில் ரிட்ஜ் என்பது முகடு, ஹிப் என்பது வெளிப்பக்கம் மடியும் ஓரம், வேலி என்பது கூடல்வாய், ஈவ் என்பது இறவாணம், ரேக் என்பது சரிவின் பக்க விளிம்பு. முகடும் ஹிப்பும் கூட்டினால் மேலே மூடும் ஷிங்கிள் எவ்வளவு என்று தெரியும். ஈவும் ரேக்கும் கூட்டினால் விளிம்புத் தகடு எவ்வளவு என்று தெரியும். இன்சூரன்ஸ் மதிப்பீட்டில் விடுபடுபவை பெரும்பாலும் இந்த ஓரச் சாமான்கள்தான். நடுப்பரப்பு ஷிங்கிளில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை.

சேதாரத்துக்கு ஒரு தனிக் கட்டம் இருக்கும். ஷிங்கிளை வெட்டிப் பொருத்தும்போது துண்டு வீணாகும். இரண்டே சரிவுள்ள நேரான கூரைக்குப் பத்து சதவீதம் போதும். மடிப்பும் கூடல்வாயும் நிறைந்த கூரைக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் தேவைப்படும். தாளில் பல சதவீதங்களுக்கும் எண்கள் வரிசையாக இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இரு தரப்பையும் கேளுங்கள். இன்சூரன்ஸ் 34 ஸ்கொயர், ரூஃபர் 38 ஸ்கொயர் என்று நிற்கும் பல தகராறுகளில் கூரையின் அளவு இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் சேதாரத்தில் மட்டும்தான். இது தெரியாமல் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்து மாதக்கணக்கில் மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாள் சொல்லாதவையும் உண்டு. மரக்கிளை மூடிய இடம் படத்தில் தெரியாது. தனியாக நிற்கும் கொட்டகையையோ பெர்கோலாவையோ கேட்டால்தான் அளப்பார்கள். ஷிங்கிளுக்கு அடியில் பழைய ஷிங்கிள் இன்னொரு அடுக்கு இருக்கிறதா, பலகை உளுத்திருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது.

இந்த மடலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். விமானப் படம் கூரையின் அளவைச் சொல்லும், அடிபட்டதா இல்லையா என்பதைச் சொல்லாது. குழந்தையை எடை இயந்திரத்தில் நிறுத்தி வைத்துக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்ட முடியாதல்லவா? ஆலங்கட்டி விழுந்த இடத்தில் ஷிங்கிளின் மேலிருக்கும் மணல் உதிர்ந்து ஒரு வட்டம் இருக்கும். அதன் அடியில் இருக்கும் நார்ப்பாய் உடைந்திருந்தால் விரலால் அழுத்தும்போது கனிந்த பழம்போல் அமுங்கும். ஏழு சென்டிமீட்டர் புள்ளிக்கு அது அகப்படாது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்பும் அனுபவமுள்ள அட்ஜஸ்டர் ஒவ்வொரு திசைச் சரிவிலும் பத்துக்குப் பத்து அடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் எத்தனை இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று கையால் தடவி எண்ணுவார். வென்ட் குழாய்களின் மூடி, மழைநீர்க் குழாய், ஏ.சி. பெட்டியின் மெல்லிய தகடுகள் எல்லாம் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அவை கட்டியின் அளவையும் அது வந்த திசையையும் காட்டிக்கொடுக்கும். உங்கள் கிளெய்மைப் படத்தை மட்டும் பார்த்து மறுத்தால், நேரில் ஆள் வந்து தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம்மில் பலர் இந்த ஊரில் யாரோடும் வம்பு வேண்டாம் என்று முதல் கடிதத்தோடு அடங்கிப் போகிறோம். அங்கேதான் இழக்கிறோம்.

ரூஃபர் பக்கத்திலும் இதே கதை உண்டு. அழகாக அட்டை போட்ட அளவுத்தாளை நீட்டி, சார், ரிப்போர்ட்டே சொல்லிவிட்டது, முழுக் கூரையும் மாற்ற வேண்டும் என்பார்கள். அந்த ரிப்போர்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை. கூரை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறது.

சில ஆண்டுகளாக இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது. புயலே இல்லாத காலத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விமானப் படத்தைப் பார்த்து, உங்கள் கூரை தேய்ந்துவிட்டது, அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் அனுப்புகின்றன. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஷிங்கிளில் கறுப்பு வரிகளாக இறங்கும் கறை பெரும்பாலும் ஒருவகைப் பாசி. பார்க்க அசிங்கம், கூரைக்குக் கேடில்லை. மேலிருந்து பார்த்தால் அதுவும் தேய்மானம் போலத் தெரியும். மரத்தின் நிழலும் தெரியும், போன வாரம் விழுந்த இலைக் குப்பையும் தெரியும். அப்படிக் கடிதம் வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதிப் படம் என்று கேளுங்கள். படத்தின் பிரதியையும் கேளுங்கள். கூரையை நேரில் பார்த்த ஒருவரின் அறிக்கையையும் இன்று எடுத்த புகைப்படங்களையும் சேர்த்து மறுபரிசீலனை கோருங்கள். சரிப்படாவிட்டால் டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறையில் புகார் செய்யலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை.

வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை ஓய்ந்த மறுநாள் பகலில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருக்கும் அப்பாவோ அம்மாவோ கதவைத் திறப்பார்கள். வெளியே கையில் டேப்லெட்டோடு ஒரு இளைஞர், திரையில் உங்கள் கூரையின் படம். இலவசமாகப் பார்த்துத் தருகிறோம், ஏறிப் பார்க்க அனுமதிக் கையெழுத்து மட்டும் போதும் என்பார். பெரியவர்கள் மரியாதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அனுமதி என்று சொல்லி வாங்கும் அந்தத் தாள் சில நேரம், இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டால் வேலை எங்களுக்கே என்று கட்டிப்போடும் ஒப்பந்தமாக இருக்கும். ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள், எதிலும் கையெழுத்து வேண்டாம், அட்டையை மட்டும் வாங்கி வையுங்கள் என்று. நீங்களே வாசலில் நின்று கையெழுத்திட்டுவிட்டாலும் கூட்டாட்சி விதி பொதுவாக மூன்று வேலை நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். டெக்சாஸில் ரூஃபருக்கு மாநில உரிமம் என்று எதுவும் கட்டாயமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். உங்களுக்காகக் கிளெய்மைப் பேரம் பேசுகிறேன் என்று ரூஃபர் சொன்னால் அது சட்டத்துக்கு மாறானது. அந்த வேலைக்கு உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டர் இருக்கிறார். ஒரே வீட்டுக்கு அவர் அந்த வேலையையும் கூரை வேலையையும் சேர்த்துச் செய்யக் கூடாது.

டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு பற்றியும் ஓர் எச்சரிக்கை. இங்கே காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் அல்லது இரண்டு சதவீதம். ஐந்து லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் பத்தாயிரம் உங்கள் கையிலிருந்து. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் டெக்சாஸ் சட்டப்படி அந்தப் பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டியதற்கு இன்சூரன்ஸ் சான்று கேட்கலாம். அந்தத் தொகையை மறைக்க அளவை ஊதிக் காட்டுவது மோசடி. அதில் உங்கள் பெயரும் சேரும். விசாவும் குடியுரிமை மனுவும் நிலுவையில் இருக்கும் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் மட்டுமல்ல, கவுன்ட்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகங்கள் பலவும் இதே விமானப் படங்களை வாங்குகின்றன. புது அறை, நீச்சல் குளம், மூடிய பேட்டியோ எல்லாம் மேலிருந்தே அவர்களுக்குத் தெரியும். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸில் சொத்து வரிதான் நம் முதுகை அழுத்துவது. உங்கள் வீட்டின் வெளிக்கோட்டுப் படமும் சதுர அடியும் பெரும்பாலும் கவுன்ட்டியின் இணையதளத்திலேயே கிடைக்கும். மாடியில் தளமே இல்லாமல் கூடத்துக்கு மேல் திறந்து கிடக்கும் வெளியை மேலிருந்து பார்த்து அறியமுடியாது. அதையும் புழங்கும் பரப்பாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிழையிருந்தால் மறுப்பு மனு போட மே 15 வரையோ, அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள் வரையோ, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு.

இவ்வளவும் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி முடிவதற்குள், வானம் தெளிவாக இருக்கும்போதே சில காரியங்களைச் செய்து வையுங்கள். உங்கள் கூரைக்கு ஓர் அளவுத்தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முந்தைய வீட்டுக்காரர் கூரை மாற்றியிருந்தால் அவருக்கு வந்த தாளே போதும், வீட்டு முகவர் மூலம் கேட்டுப் பாருங்கள். நான்கு பக்கமும் தரையில் நின்று கூரையைப் படமெடுத்து வையுங்கள். புயலுக்குப் பின் இது பழைய அடி என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல உதவும். பாலிசியில் கூரைக்கு முழு மாற்று விலை தருகிறார்களா, வயதுக்கேற்பக் கழித்துத் தருகிறார்களா என்று பாருங்கள். பழைய கூரைகளைப் பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் இரண்டாம் வகைக்கு மாற்றிவிடுகின்றன. எப்படியும் கூரை மாற்றப் போகிறீர்கள் என்றால் நான்காம் வகுப்பு ஷிங்கிளுக்கு விலை கேளுங்கள். இரண்டு அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து போட்டுச் சோதித்தது அது. பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்குமா என்று இன்சூரன்ஸ் முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

புயல் வந்துவிட்டால், இரண்டு மூன்று ரூஃபர்களுக்கும் அட்ஜஸ்டருக்கும் ஒரே அளவுத்தாளைக் கொடுங்கள். எல்லோரும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கினால் யார் எங்கே கூட்டினார், யார் எதை விட்டார் என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். தெருவில் பத்து தமிழ் வீடு இருந்தால் பத்துப் பேரும் தாள்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே பில்டர் ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகளாக இருந்தால் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். உங்களுடையது மட்டும் நான்கு ஸ்கொயர் குறைந்திருந்தால் அன்றே அட்ஜஸ்டருக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கூரை மதிப்பீட்டுத் தொழிலில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்
டாலஸ்